பட்டுப் பாவாடை: ஆவணியில் தொட்டது, கார்த்திகையில் ஓய்ந்தது

ஆகஸ்ட் 25, 2024, ஞாயிறு

அம்மாவின் தையல் மிஷின் கும்பகோணத்திலிருந்து லாரி பார்சலில் மடிப்பாக்கம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. முழங்கால் வலியால் அம்மாவால் மிதிக்க முடியவில்லை. "இங்க கிடந்து துருப்பிடிக்கிறதுக்கு நீயாவது எடுத்துட்டுப் போ" என்றாள். எடுத்து வந்து நான் செய்தது, அதன் மேல் இஸ்திரி போடாத துணிகளைக் குவித்து வைத்ததுதான்.

இன்று குவியலை இறக்கினேன். காரணம் பெரியவள். பன்னிரண்டு வயது. போன தீபாவளிப் பாவாடை கணுக்காலுக்கு மேல் நாலு விரற்கடை ஏறிவிட்டது. 1994 வாக்கில் அம்மா எடுத்த அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு ஒன்று என் பீரோவில் சும்மா கிடக்கிறது. அதில் பாவாடை தைத்துவிடுவது என்று முடிவு. தீபாவளி அக்டோபர் 31. இரண்டு மாதம் இருக்கிறது, போதாதா?

தலைப்பாகத்தில் எண்ணெய் விடும் ஓட்டை ஒவ்வொன்றிலும் சொட்டு விட்டு, சும்மா ஓட்டிப் பார்த்தேன். தோல் பெல்ட் தொளதொளவென்று வழுக்கியது. கம்பிக் கொக்கியைப் பிரித்து, அரை இஞ்ச் வெட்டி, புது ஓட்டை போட்டு மறுபடி மாட்டியதும் பிடித்துக்கொண்டது. இனி பழக வேண்டியது கால்தான். வலது கையால் சக்கரத்தை நம் பக்கம் தள்ளிவிட்டு, அந்த வேகத்திலேயே மிதியைத் தொடர வேண்டும். நான் மிதித்தால் ஐந்து தடவைக்கு நாலு தடவை பின்பக்கமாகச் சுற்றி நூலை அறுக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

பழைய வேட்டித் துணியில் ஒத்திகை. மேல்பக்கம் தையல் அழகாக இருக்கிறது, திருப்பிப் பார்த்தால் அடியில் கொத்துக் கொத்தாக நூல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடிநூல் சுற்றிய பாபினில்தான் கோளாறு என்று மூன்று தடவை பாபின் கேஸைக் கழற்றி மாட்டினேன். அம்மாவுக்கு வீடியோ கால்.

"அடியில சிக்கினா மேல பாருடி. மேல சிக்கினா அடியில பாரு."

அதேதான். துணியை அழுத்திப் பிடிக்கும் கட்டையைக் கீழே இறக்கிவிட்டு நூல் கோத்திருக்கிறேன். கட்டை இறங்கியிருந்தால் மேல்நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகி மூடியிருக்கும், நூல் உள்ளே போய் உட்காராது. தூக்கி வைத்துக் கோத்ததும் சரியாகிவிட்டது.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. இன்று மீதிக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டுக்கொண்டே வெட்டல்.

புடவையை ஜன்னலில் விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தோம். முப்பது வருஷம் ஒரே மடிப்பில் இருந்ததால் மடிப்பு ஓடிய இடங்களில் இழை விட்டு, ஊசி குத்தின மாதிரி வெளிச்சப் புள்ளிகள். அந்த இடங்களை வட்டம் போட்டு ஒதுக்கினால் நல்லதாக மூன்று மீட்டர் தேறியது. கரை மட்டும் அப்படியே இருக்கிறது. கோர்வைப் புடவை, உடலையும் கரையையும் தனித்தனி ஊடை கொடுத்துக் கோத்து நெய்தது. இரண்டும் சேரும் இடத்தை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

பெரியவள் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, "பாவாடை எல்லாம் இப்ப யாரும் போடறதில்லம்மா" என்றாள். பேரம் நடந்தது. பக்கவாட்டுத் தையலில் பாக்கெட் வைத்தால் போட்டுக்கொள்வாளாம். பட்டுப் பாவாடைக்குப் பாக்கெட்! அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் ஒப்புக்கொண்டேன்.

கணக்கு இது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 34 இஞ்ச். மேலே தையலுக்கு 1. வளர்கிற பெண் என்பதால் கரைக்கு மேலே உள்பக்கமாக ஒன்றரை இஞ்ச் டக் (பின்னால் பிரித்து நீளம் கூட்டிக்கொள்ளும் மடிப்பு) இரண்டு, ஆக 3. மொத்தம் 38. புடவை அகலம் 47. மிச்சம் 9 இஞ்சில் மேல்கரை முழுசாக வருகிறது, அது சட்டைக் கைக்கு. பாவாடையின் கீழே புடவையின் ஓரமே வருவதால் அங்கே மடித்தடிக்க வேண்டியதில்லை.

சின்ன வயதில் என் பாவாடைகளில் இப்படி மூன்று டக் இருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி அம்மா ஒன்றைப் பிரிப்பாள். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று பட்டையாகத் தெரியும். என் வகுப்பில் யாருடைய பாவாடைக்கு எத்தனை வயது என்பதை அந்தப் பட்டைகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 22

தையல் நகரவில்லை. சின்னவனுக்கு நாலு நாள் காய்ச்சல், பெரியவளுக்குக் காலாண்டுப் பரீட்சை. எனக்கு ஆடிட்டர் ஆபீஸ் வேலை. செப்டம்பர் என்றால் வருமான வரித் தணிக்கை அறிக்கைகளின் மாதம், 30ஆம் தேதி கடைசி நாள். ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து நூல் கோத்தால் ஊசியின் காதே தெரியவில்லை.

ஒரு ராத்திரி மட்டும் இடுப்புப் பட்டிக்குப் பிளீட் பிடித்தேன். மூன்று மீட்டரை 25 இஞ்சுக்குள் அடக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பெரியவள் தமிழ்ப் பரீட்சைக்குப் பெரும்பொழுது ஆறையும் உருப்போட்டாள். "ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம்." விசிறியின் கீழே வியர்த்து வழிந்துகொண்டு இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. சென்னைப் புரட்டாசிக்கு வேறு பெயர் வைக்கலாம்.

செப்டம்பர் 30, திங்கள்

கடைசி நாளை அக்டோபர் 7க்குத் தள்ளிவிட்டார்கள். ஆபீசில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு வயிற்றெரிச்சல். பிள்ளைகளின் காலாண்டு லீவு ஒரு வாரமும் போச்சு. இவர்தான் இரண்டு நாள் லீவு போட்டு அவர்களை மேய்த்தார். மூன்று வேளையும் தோசை.

அக்டோபர் 6, ஞாயிறு

வியாழக்கிழமையே கொலு ஆரம்பித்துவிட்டது. அத்தையின் ஐந்து படி. மிச்சப் பட்டில் மரப்பாச்சி ஜோடிக்குப் புடவையும் அங்கவஸ்திரமும் பெரியவள் தைத்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, கையால் ஓட்டுத் தையல் போட்டிருக்கிறாள். கோணல்மாணல்தான், ஆனால் பிரிய மாட்டேன் என்கிறது. சின்னவன் படிக்குக் கீழே கொசுவர்த்திச் சுருள் டப்பாவை வைத்து மெட்ரோ ஸ்டேஷன் கட்டியிருக்கிறான்.

இரண்டு டக்கையும் இன்று மிஷினில் அடித்தேன். சின்னத் தையல், உறுதியாக. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை லீவு. நாள் முழுக்க உட்கார்ந்து பாக்கெட்டையும் கொக்கியையும் முடித்துவிடலாம் என்று நேற்று ராத்திரியே பாவாடையை ஊசிக்கு அடியில் வைத்துக் கட்டையை இறக்கி, தயாராக விட்டிருந்தேன். காலையில் எழுந்து வந்தால் அத்தை மிஷினைத் துடைத்து, தலைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்குச் சாமந்திச் சரம் சுற்றிவிட்டார்கள். பாவாடை அப்படியே உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

"இன்னைக்கு ஆயுதத்தைத் தொடப்படாதும்மா."

"அத்தை, துணியையாவது வெளிய எடுத்துக்கறேனே."

"அதுவும் பூஜையில இருக்கட்டும்."

பிள்ளைகளின் புத்தகங்களும் அங்கேதான் அடுக்கியிருந்தன, அவர்களுக்குக் கொண்டாட்டம். இவரின் பைக்குக்கும் பொட்டு. நான் சுண்டல் கிளறப் போனேன். பாவாடையில் ஒரு துளி குங்குமம் உதிர்ந்திருந்தது. அரக்கு நிறம் என்பதால் தெரியவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

இந்தப் பதிவைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

நாளைக்குச் சென்னைக்கு ரெட் அலர்ட். நேற்று சாயங்காலமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் லீவு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிப்பும் வந்தது. பால் பாக்கெட் நாலு, பிரெட், மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. சாயங்காலம் கரண்ட் போனது. மிதி மிஷினுக்குக் கரண்ட் வேண்டாமே என்று உட்கார்ந்து கொக்கியைத் தைத்து முடித்தேன்.

"போட்டுப் பாரு."

போட்டுக்கொண்டு வந்தாள். கரை கணுக்காலில் இல்லை. கெண்டைக்காலில் தொங்குகிறது. டேப்பை வைத்தேன், பாவாடை 31 இஞ்ச். வெட்டும்போது தப்பு நடந்ததா? எழுதி வைத்த தாளைத் தேடி எடுத்தேன். 34, 1, 3, மொத்தம் 38. கூட்டல் சரி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திரும்பத் திரும்பக் கூட்டுகிறேன். இரண்டு மாதமாக ஊரார் வரவுசெலவை ஒரு ரூபாய் பிசகாமல் டேலி செய்தவளுக்கு இந்த மூன்று இஞ்ச் எங்கே போனது என்று பிடிபடவில்லை.

அம்மாவுக்குப் போன். கேட்டுவிட்டு அரை நிமிஷம் சிரித்தாள். "மடிப்புன்னா போற பக்கம் ஒண்ணு, வர்ற பக்கம் ஒண்ணு இல்லையாடி? ஒன்றரை இஞ்ச் மடிச்சா மூணு இஞ்ச் தின்னும். ரெண்டு டக்குக்கு ஆறு விடணும், நீ மூணு விட்டிருக்க."

41 வெட்டியிருக்க வேண்டும். 47இல் 41 போனாலும் மேல்கரைக்கு 6 இஞ்ச் இருந்திருக்கும். துணி இருந்தது, நான்தான் விடவில்லை.

வேறு வழியில்லை, ஒரு டக்கைப் பிரித்தாக வேண்டும். அவள் போன் டார்ச்சைப் பிடித்தாள், நான் பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக நெம்பினேன். சின்னத் தையல், உறுதியாக என்று மெச்சிக்கொண்டேனே, அதற்கெல்லாம் சேர்த்து அனுபவித்தேன். முக்கால் மணி நேரம். பிரித்த பின் பார்த்தால், மூன்று இஞ்ச் இடைவெளியில் இரண்டு வரிசை ஊசி ஓட்டைகள் சுற்றி வர ஓடுகின்றன. பருத்தி மறந்துவிடும், பட்டு மறக்காது. ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரி வைத்து, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் நீவினால் கொஞ்சம் மூடும் என்றாள் அம்மா. கரண்ட் வந்த பிறகு செய்தேன். பாதி மூடியது. பிரிக்கப்போகிற டக்கைக் கையால், நீளத் தையலாகத்தான் போட வேண்டும். மரப்பாச்சிக்கு இவள் போட்ட மாதிரி.

இப்போது நீளம் 34. அவளை மறுபடி அளந்தேன். முப்பத்திநாலரை. ஆகஸ்டில் அளந்ததற்கும் இன்றைக்கும் நடுவில் அரை இஞ்ச் வளர்ந்திருக்கிறாள். கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடும் அதையேதான் சொல்கிறது.

"நிமிந்து நிக்காதடி" என்றேன். டார்ச்சைப் பிடித்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

ரெட் அலர்ட் நாளில் பயந்த அளவுக்கு மழை இல்லை. பிரெட்டை நாலு நாள் உப்புமாவாகச் சாப்பிட்டோம்.

ஓட்டை வரிசையை மறைக்க மெல்லிய ஜரிகை லேஸ் வாங்க ரங்கநாதன் தெரு போனேன். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகக்கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் எழுதி வைக்கலாம். ஏழு மீட்டர் லேஸ், இரண்டு வரிசைக்கும் சரியாகப் போனது. இடுப்புப் பட்டியை அரை இஞ்ச் இறக்கிக் கட்டினால் நீளமும் பொருந்துகிறது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி நல்லபடியாக நடந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும், அத்தை பாவாடை ஓரத்தில் மஞ்சள் வைத்துக் கொடுத்தார்கள். வெடி வைக்கும்போது பட்டு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். காலை ஆறு முதல் ஏழு வரைதான் அனுமதி என்பதால் முதலில் பழைய சுடிதாரில் வெடித்துவிட்டு வந்து மாற்றிக்கொண்டாள். வந்தவர்களிடமெல்லாம் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு விட்டுக் காட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மா என்னிடம் 'ஆர்டர் எடுக்கிறீங்களா' என்று கேட்டார். ஒரு பாவாடைக்கு 67 நாள் ஆகும் என்றேன்.

நேற்று பாவாடையைக் காற்றாட உதறினால் பாக்கெட்டில் ஏதோ கட்டியாக இருக்கிறது. தினத்தந்தித் தாளில் சுருட்டிய தீபாவளி லேகியம், உருண்டை உருண்டையாக மூன்று. அவளுடையது ஒன்று, தம்பி ஒப்படைத்தது ஒன்று, மூன்றாவது இவருடையது என்று விசாரணையில் தெரிந்தது. பாக்கெட் துணி முழுக்க நெய். டால்கம் பவுடரைத் தூவி ஒரு ராத்திரி விட்டு, ஷாம்பூ கலந்த பச்சைத் தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் அலசினேன். நல்லவேளை, உள்பாக்கெட்டுக்குப் பருத்தி வைத்திருந்தேன்.

நவம்பர் 13

ஆடிட் கணக்குகளுக்கு வருமான வரித் தாக்கல் கடைசி நாள் தீபாவளியன்றே விழுந்து, நல்லவேளையாக 15ஆம் தேதிக்குத் தள்ளியதால் மறுபடி ராத்திரி ஒன்பதரை. நாளை குழந்தைகள் தினம். சின்னவன் பாரதியாராம். இரண்டு நாள் முன்புதான் தகவல் வந்தது. இவரின் பழைய கறுப்புக் கோட்டை இரண்டு பக்கமும் நாலு இஞ்ச் உள்ளே பிடித்து, கையை மடித்து விட்டேன். எல்லாம் கையால், நீளத் தையல். வெட்டவில்லை. முண்டாசுக்கு அந்த ஒத்திகை வேட்டித் துணி.

நவம்பர் 17, கார்த்திகை 2

பாவாடையைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை இடம் மாற்றிப் பீரோவில் வைத்தேன். மிச்ச டக் ஒன்று இருக்கிறது. அடுத்த தீபாவளிக்கு அது போதுமா என்று கதவுக் கோட்டைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

மத்தியானம் பெரியவள் மிஷினில் உட்காரட்டுமா என்று கேட்டாள். நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கு அடியில் வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னேன். அம்மா எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தாள். கிழித்தது பழைய தமிழ் ரஃப் நோட்டு, கார்காலமும் கூதிரும் எழுதின பக்கம். சக்கரம் பின்னால் சுற்றியது, ஊசி தாளைக் கிழித்தது, மறுபடி தள்ளினாள். பக்கம் முழுக்க ஓட்டை. ஆறாவது வரியிலிருந்து ஓட்டைகள் கோட்டைத் தொட ஆரம்பித்திருக்கின்றன.