சிக்னலுக்கு முந்தைய 50 மீட்டர்

சென்னையில் டிராஃபிக் என்றாலே "வண்டி பெருகிப்போச்சு" என்கிறோம். பெருகியது உண்மைதான். ஆனால் அதே சாலை, ஏறக்குறைய அதே வண்டிகளோடு, ஒரு நாள் நகர்கிறது, மறுநாள் நிற்கிறது. காரணம் தேட வேண்டிய இடம் சிக்னல் கோட்டுக்கு முந்தைய 50 மீட்டர்.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் பழைய கணக்கு ஒன்று உண்டு. கோட்டருகே சாலையின் அகலத்தை மீட்டரில் அளந்து 525-ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரம் பச்சை எரிந்தால் எத்தனை கார் கடக்கும் என்று தெரியும் (பைக், பஸ் எல்லாம் கார் கணக்குக்கு மாற்றப்படும்). 10.5 மீட்டர் சாலை, 2 நிமிடச் சுற்றில் 40 விநாடி பச்சை என்று வைத்துக்கொள்வோம். கிளம்புவதிலேயே 3 விநாடி போய்விடும். மீதியில் 57 கார் கடக்கும்.

இடது ஓரம் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நிற்கிறது. ஆட்டோ அடைப்பது ஒன்றரை மீட்டர்தான். ஆனால் உரசிவிடக் கூடாதே என்று பின்னால் வருகிறவர்கள் ஒரு லேனையே விட்டு ஒதுங்குகிறார்கள். மிச்சம் 7 மீட்டர், அதாவது 38 கார். சுற்றுக்கு 50 கார் வந்தால் ஒவ்வொரு முறையும் 12 தேங்கும். ஒரு ஆட்டோ போக இன்னொன்று என்று 20 நிமிடம் அந்த இடம் அடைபட்டால் 120 கார். மூன்று லேனில் நின்றாலும் வரிசை 240 மீட்டர் நீளும்.

கடைசி ஆட்டோவும் போன பிறகு நடப்பதுதான் கொடுமை. சுற்றுக்கு 7 கார்தான் கூடுதலாகக் கடக்க முடியும். 120 கரைய 34 நிமிடம் வேண்டும். அப்போது அங்கே வந்து சேர்கிறவர் கண்ணுக்கு ஒரு காரணமும் தெரியாது. மழையில் ஓரத்து லேனில் தண்ணீர் தேங்கினாலும் இதே கணக்குதான்.

பஸ் நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருந்தால் இன்னும் மோசம். பஸ் ஒதுங்கி நிற்பதற்கான இடத்தை (bus bay) ஆட்டோக்கள் அடைத்திருக்க, பஸ் மூக்கை மட்டும் உள்ளே நுழைத்து, வாலை நடு லேனில் விட்டு நிற்கும். நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி, பின்னால் வரிசை கட்டும் பஸ்களுக்கும் இடம் விட்டு அமைக்க வேண்டும்.

வரிசை பின்னால் உள்ள சந்திப்பை எட்டிவிட்டால் குறுக்குச் சாலையும் பூட்டிக்கொள்ளும். ஃபிளைஓவருக்குக் காத்திருக்கும் இடங்களில்கூட அந்த 50 மீட்டரில் யாரும் ஓரம் நிற்காதபடி இன்றே கோன் வைத்து, பீக் அவரில் ஓர் ஆளையும் நிறுத்தலாம். பச்சை விழுந்தாலும் எதிர்ப்பக்கம் உங்கள் வண்டி நிற்க இடம் தெரியும்வரை கோட்டைத் தாண்டாதீர்கள்.