ஜெஃப் பெக்கின் வலது கை

எலெக்ட்ரிக் கிதாரை வேகமாக வாசிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பிரிட்டிஷ் ராக் கிதார் கலைஞர் ஜெஃப் பெக்கை எனக்கு இவ்வளவு பிடிக்கக் காரணம் வேகம் இல்லை, அவருடைய வலது கை.

1980களிலேயே பிக்கை, அதாவது தந்தியை மீட்டும் சிறு தகட்டை, கிட்டத்தட்ட விட்டுவிட்டார். வெறும் விரல்கள்தான். 2007இல் லண்டன் ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் வாசித்த காணொளியில் கேமரா கிட்டே போகும்போது அந்தக் கையை மட்டும் பாருங்கள். கட்டைவிரல் தந்தியை மீட்டும்போதே சுண்டுவிரல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரின் வால்யூம் குமிழைத் திருப்புகிறது. மீட்டிய சத்தமே காதில் விழுவதில்லை. மூச்சை இழுத்து ஒருவர் பாடத் தொடங்குவதுபோல ஸ்வரம் மெல்ல எழுகிறது. அடுத்த நொடி அதே கை தந்திகளின் இறுக்கத்தை மாற்றும் கம்பியான வாமி பாரை அழுத்தி அதை வளைக்கிறது. தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணி போன்ற ஹார்மோனிக் ஒன்றைத் தட்டிவிட்டு, பாரை அசைத்தே மெட்டை நகர்த்துவார். மயிரிழை தவறினாலும் சுருதி போய்விடும். அவருக்குப் போகாது! கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

டிரம்ஸில் வின்னி கொலயுட்டா. பாஸில் டால் வில்கன்ஃபெல்ட், அப்போது வயது இருபதுதான். அந்தப் பெண் சோலோ வாசிக்கும்போது பெக் முகத்தில் வரும் சிரிப்புக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். எவ்வளவு பெரிய மனசு!

2023 ஜனவரியில், 78 வயதில், மூளைக்காய்ச்சலில் போய்விட்டார். முந்தைய ஆண்டுகூட மேடையேறியவர். இன்னும் ஆறவில்லை எனக்கு.

கேட்காதவர்கள் தயவுசெய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்தச் சுண்டுவிரல் வேலை காணாமல் போய்விடும்.