கழுத்துப் பிடிப்பும் ஒரு வெறும் பில்லும்: டர்பனில் மசாஜுக்குப் போன அனுபவம்

மெடிக்கல் எய்ட் (இங்கே தென்னாப்பிரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கு அதுதான் பெயர்) என் மசாஜ் க்ளெய்மைத் திருப்பி அனுப்பிய ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. டர்பனில் முதல்முறையாகச் சிகிச்சை மசாஜுக்குப் போக நினைக்கிற நம்மவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்குக் கழுத்துப் பிடிப்பு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை. வலது தோள்பட்டையில் தொடங்கி காதுக்குப் பின்னால் வரை இழுக்கும். பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ். தொட்டுப் பார்த்துவிட்டு, "தசைதான் இறுகிக் கிடக்குது, சிகிச்சை மசாஜ் செஞ்சு பாரு" என்றார்.

உம்லாங்காவில் ஓர் இடத்துக்கு போன் செய்தேன். மெடிக்கல் எய்ட் எடுப்பீர்களா என்று முதலிலேயே கேட்டேன். "எடுப்போம் மேடம்" என்றார்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பி, என்2 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், ரிசப்ஷனில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி லாவெண்டரா, எலுமிச்சையா என்பதுதான். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், எங்கே வலி, எதுவும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் ஒரே மாதிரி உருவி விட்டார்கள். சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பிடிப்பு பழையபடி வந்து நின்றது.

பில்லில் 'ரிலாக்ஸேஷன் பேக்கேஜ்' என்று ஒரு வரி, கீழே தொகை. யார் செய்தார் என்ற பெயர்கூட இல்லை. அதை அனுப்பினேன், நிராகரித்தார்கள். சிகிச்சை தருபவரை மெடிக்கல் எய்ட் அடையாளம் காணும் பிராக்டிஸ் எண் இல்லை, என்ன நோய் என்று காட்டும் ஐசிடி-10 குறியீடு இல்லை. சரி, கேட்டு வாங்கிவிடலாம் என்று மறுபடி அவ்வளவு தூரம் போனேன். மேனேஜர் இல்லை, ஈமெயில் போடுங்கள் என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண். ஈமெயிலுக்குப் பதில் வரவில்லை. போனில் விடாமல் கேட்ட பிறகுதான், "எங்கள் ஆட்களுக்கு அந்த எண் கிடையாது" என்று உண்மை வந்தது. இதை முதல் போனிலேயே சொல்லியிருக்கலாமே!

இங்கே சிகிச்சை மசாஜ் சட்டத்துக்கு உட்பட்ட தொழில். 1982-ஆம் ஆண்டின் 63-ஆம் எண் சட்டத்தின் கீழ் இயங்கும் துணைநல மருத்துவத் தொழில்கள் கவுன்சிலில் தெரபிஸ்ட் பதிவு செய்திருக்க வேண்டும். ஆயுர்வேதம், ஹோமியோபதி, முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் எல்லாம் இதே கவுன்சில்தான். மெடிக்கல் எய்டில் க்ளெய்ம் செய்ய பிராக்டிஸ் எண் தனியாக வேண்டும். ஆகவே அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கவுன்சில் பதிவு எண், பிராக்டிஸ் எண் இரண்டையும் கேளுங்கள். தயங்கினால் போனை வைத்துவிடுங்கள். உங்கள் பிளானில் மசாஜ் உண்டா என்று மெடிக்கல் எய்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாப் பிளானிலும் கிடையாது. இன்னொன்று: சிகிச்சை நடந்த மாதம் முடிந்து நான்காவது மாதக் கடைசி வரை க்ளெய்ம் அனுப்பலாம். பில்லில் குறை என்று சொன்னால், திருத்தி அனுப்ப 60 நாள் தர வேண்டும் என்பது விதி. மருந்துக்கடைப் பில்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்து வெஸ்ட்வில்லில் பதிவு பெற்ற ஒரு பெண் தெரபிஸ்டிடம் போனேன். பெண்தான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உட்கார வைத்து நீளமாக ஒரு படிவம் நிரப்பச் சொன்னார். ஆபரேஷன், சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கர்ப்பம், தோல் நோய், எல்லாம் அதில் உண்டு. பிறகு பிபி பார்த்தார். 178/104. இன்னொரு தடவை பார்த்தார், கிட்டத்தட்ட அதேதான். "இன்றைக்கு உங்கள் மேல் கை வைக்க மாட்டேன், இன்றே டாக்டரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். பணமும் வாங்கவில்லை. அன்று வந்தது வீண் என்று நொந்துகொண்டேதான் டாக்டரிடம் போனேன். எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் இடத்தில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து அழுத்தினார்களே, அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மாத்திரையில் பிபி இறங்கியதும் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடி அந்த வெஸ்ட்வில் தெரபிஸ்டிடம் போனேன். கழுத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப முடிகிறது என்று பார்த்தார். அவர் வெளியே போன பிறகுதான் மேலாடையைக் கழற்றிவிட்டு டவலுக்கு அடியில் படுத்தேன். உள்ளாடை அப்படியே இருக்கும். வேலை செய்கிற இடம் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் மூடித்தான் இருக்கும். முழுக்கக் கழற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தோள்பட்டை எலும்பின் மேல் முனையில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு முடிச்சு. கட்டைவிரலை அதன் மேல் வைத்து மெல்ல அழுத்தி, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார். எட்டு என்றதும் குறைத்தார். ஆறில் நிறுத்தி, என்னை மூச்சு விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு வரை போன வலி தானாக அவிழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை, வலித்தால் சொல்லிவிடுங்கள்.

எழும்போது தலை லேசாகச் சுற்றும், சட்டென்று இறங்காதீர்கள். ஒன்றிரண்டு நாள் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். மசாஜ் செய்தால் உடம்பிலுள்ள நச்சு வெளியேறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் வீடுகளுக்காக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடியில் அலகு குத்திக்கொண்டவர்கள் துளைகள் முழுக்க ஆறும்வரை அந்த இடத்தில் மசாஜ் கூடாது. அப்புறம், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தைலம் போட்டு உருவவே உருவாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். தாத்தா, பாட்டி காலைப் பிடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதனால்தான் சொல்கிறேன். நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இந்த முறை பில்லில் எல்லாம் இருந்தது: பெயர், எண், குறியீடு, தேதி. மெடிக்கல் எய்டில் எனக்கிருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் வந்துவிட்டது. உம்லாங்காவில் கொடுத்த பணம் மட்டும் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.