ஊசிப் பயத்துக்கு மட்டும் தலைகீழ் வைத்தியம்

கரப்பொத்தானைக் கண்டு கதிரையில் ஏறுகிறவர் எல்லாருக்கும் போபியா, அதாவது நோயளவுக்கு முற்றிய பயம், என்று சொல்ல ஏலாது. பயம் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அதற்காக ஆள் தன் நடமாட்டத்தையே மாற்றியிருக்க வேண்டும். நாய் நிற்கிற ஒழுங்கையை விட்டுத் தினமும் சுத்துப்பாதையில் போகிறார் என்றால் அது கணக்கில் வரும்.

22 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், 100 பேரில் 7 பேருக்கு மேல் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படி ஒரு போபியா வந்திருக்கிறது. பெண்களில் ஆண்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. விலங்குகளும் உயரமும்தான் முன்னுக்கு நிற்பவை. எங்கட பக்கத்தில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: கோயில் வெடிக்கு நடுங்குகிறவருக்கு ஷெல்லடித்த நாட்கள் கண்முன்னே வந்து, இரவில் கெட்ட கனவும் வருமென்றால், அதைப் போபியா என்று ஒதுக்காமல் மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்குச் சிகிச்சை வேறு.

நாய், பல்லி, உயரம் எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான்: படிப்படியாகக் கிட்டப் போவது. முதலில் படம், பிறகு வேலிக்கு அப்பால் நிற்கிற நாய், பிறகு கட்டி வைத்த நாய். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடினால், ஓடியதால்தான் தப்பினேன் என்று மூளை பதிந்துகொள்ளும். கொஞ்சம் தணியும்வரை நிற்க வேண்டும்.

ஊசி, இரத்தம் சங்கதி வேறு. உயரத்துக்குப் பயந்தவர் மயங்கப்போகிறேன் என்பார், மயங்குவது அபூர்வம். ஊசிக்குப் பயந்தவர்களில் பலர் உண்மையாகவே விழுவார்கள். நெஞ்சு முதலில் படபடக்கும். அடுத்த கணம் நாடியும் பிரஷரும் சேர்ந்து இறங்கும். முகம் வெளிறி, காது அடைத்து, கண் இருட்டும். அந்த நேரம் பக்கத்தில் நிற்கிறவர் சொல்வது "மூச்சை இழுத்து விடு, உடம்பைத் தளர விடு". இறங்கிக்கொண்டிருக்கிற பிரஷருக்கு அது உதவாது. இன்னும் இறக்கத்தான் பார்க்கும்.

ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை இதற்கு நேரெதிர்: உடம்பை இறுக்குவது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 செக்கன், முகத்தில் சூடேறும்வரை இறுக்குங்கள். பிறகு 20 முதல் 30 செக்கன் விடுங்கள். முழுக்கத் தளர்த்தாமல் சாதாரண நிலைக்கு வந்தால் போதும். இப்படி ஐந்து தடவை. ஊசி போடுகிற அன்றைக்குத்தான் தொடங்கினால் சரிவராது. ஒரு கிழமைக்கு முன்பிருந்தே வீட்டில் தினமும் பழகுங்கள்.

பிழைக்கிற இடங்கள் இரண்டு. ஒன்று, இறுக்கும்போது மூச்சையும் பிடித்துக்கொள்வது. மற்றது, ஊசி ஏறுகிற கையையும் இறுக்குவது: நோவு கூடும். அந்தக் கையைத் தளரவிட்டு மற்றக் கையையும் கால்களையும் இறுக்குங்கள். இருதய வருத்தம், உயர் பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

வரிசையில் நிற்கும்போதே "நான் மயங்கிறனான்" என்று நேர்ஸிடம் சொல்லிக் கட்டிலில் படுத்தபடி இரத்தம் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் தினமும் காண்கிற விஷயம். பஞ்சை அமத்திப் பிடித்த கையோடு உடனே எழும்பிப் போகாமல், பத்து நிமிடம் அங்கேயே கிடவுங்கள்.