பூவரசம்பூ வரைய: பூவை முடித்துவிட்டு இலைக்குப் போங்கள்

பூவரசம்பூவை நேரில் பார்த்து வாட்டர் கலரில் வரைபவர்களுக்கு முதல் எதிரி நேரம்தான். விரியும்போது இளமஞ்சள், சாயங்காலம் செம்மை ஏறி, வாடும்போது கருஞ்சிவப்பு. காலையில் தொடங்கியதை மாலையில் தொடரலாம் என்று விட்டால் எதிரே இருப்பது வேறு பூ. இலைக்கு அவசரமில்லை, காம்பு தண்ணீரில் இருந்தால் மறுநாளும் தாங்கும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம்), ஹாட் பிரஸ்டு, அதாவது வழவழப்பானது. சொரசொரப்பான தாளில் மெல்லிய நரம்புகள் உடைந்து உடைந்து வரும். மெலிந்த தாள் ஈரத்தில் நெளிந்து, பள்ளத்தில் நிறம் தேங்கும். மஞ்சளுக்கு அடியில் போன பென்சில் கோடு அழியாது, அதனால் வண்ணம் தொடுமுன்பே கோட்டை ரப்பரால் ஒற்றி மங்கலாக்கிவிடுங்கள்.

மஞ்சள் இதழின் நிழலுக்குக் கறுப்பைத் தொடவே கூடாது. இரண்டும் கலந்தால் பாசிப்பச்சைதான் வரும். அல்ட்ராமரின் நீலமும் அலிசரின் சிவப்பும் கலந்த ஊதாவை, தண்ணீர் போல நீர்த்து, நிழல் விழும் இடத்தில் மட்டும் பூசிக் காயவிட்டு, மேலே லெமன் யெல்லோ. அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகே நடுவிலுள்ள அரக்குத் திட்டு. ஈரத்தில் வைத்தால் இதழ் முழுக்கப் பரவிவிடும்.

இலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பூவரச இலையின் முக்கிய நரம்புகள் காம்பு சேரும் இடத்திலிருந்தே விரல்களைப் போல விரியும். இலையைப் பார்க்காமல் பழக்கத்தில் கைபோட்டால் மாவிலை நரம்பு வந்துவிடும்! சாய்ந்திருக்கும் இலையின் இரு பாதிகளும் ஒரே அகலமாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவதைப் போடுங்கள், இதய வடிவத்தைப் போடாதீர்கள்.

பளபளப்புக்கு முதலில் மிக மெல்லிய நீலப் பூச்சு. அந்த மினுக்கு வானத்தின் பிரதிபலிப்பு. காய்ந்ததும் நரம்புகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக நனைத்து, ஈரத்தின் மினுமினுப்பு மங்கியதும் பச்சையை விடவேண்டும். ட்யூப் பச்சை அப்படியே போட்டால் பிளாஸ்டிக் இலைதான். லெமன் யெல்லோவும் அல்ட்ராமரினும் கலந்து, துளி அலிசரின் சேருங்கள். அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது மறுபடி தண்ணீர் பட்டால் காலிஃபிளவர் போலக் கறை விரியும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: குளிர்ச்சி இருந்தால் இன்னும் காயவில்லை. கடைசியில் நரம்புகள் வெள்ளைக் கம்பியாகத் துருத்தும். மெல்லிய மஞ்சள் ஒரு கை ஓட்டினால் அடங்கும்.

குறையில்லாத இலையைத் தேடாதீர்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1503-இல் அத்தனை கவனமாக வரைந்தது வெறும் களைச்செடிகளும் புல்லும்தான். புழு அரித்த ஓட்டையைச் சுற்றி மயிரிழைப் பழுப்பு விளிம்பு இருக்கும், ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மறையும். அதை ஒரே கனத்தில் சுற்றிப் போட்டால் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஆகிவிடும்.