மார்ச் 31 இரவு சேலைகளை எண்ணுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மட்டும் ஒன்லைனில் விற்கிற பெண்கள் ஐந்து பேர் இருக்கிறோம். நான் சேலை. மூன்றாம் மாடி அக்கா வீட்டில் வறுத்துத் திரிக்கிற மிளகாய்த்தூள். கீழ் மாடித் தங்கச்சி சின்னப் பிள்ளைகளின் உடுப்பு. போன கிழமை அந்தத் தங்கச்சி முகம் வாடிப்போய் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். வங்கியில் நடைமுறைக் கணக்கு திறக்கப் போயிருக்கிறாள், அங்கே டின் இலக்கம் கேட்டிருக்கிறார்கள். "டின் எடுத்தா விக்கிற காசில எவ்வளவு போகும் அக்கா?" என்று கேட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் நானும் இதையே நினைத்துப் பயந்து கொண்டிருந்தேன், அதனால்தான் அவளுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த டின். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் என்பதைத்தான் சுருக்கி அப்படிச் சொல்கிறோம். 2024 தொடக்கத்திலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்று ஆக்கினார்கள். அடையாள அட்டை இருந்தால் போதும், ஒன்லைனிலேயே பதியலாம், காசு எதுவும் இல்லை. அது ஒரு இலக்கம் மட்டும்தான். எடுத்த அடுத்த நாளே யாரும் வந்து வரி கேட்பதில்லை. வரி வருவதும் வராததும் உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் என்றால் என்ன என்பதில்தான் எங்களில் பாதிப் பேர் குழம்பிப் போயிருக்கிறோம்.

விற்ற காசு வருமானம் இல்லை, இலாபம்தான் வருமானம். இதைப் படித்ததும் "இது தெரியாதா" என்று தோன்றும், ஆனால் பயம் வருகிற நேரத்தில் எல்லோரும் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். என் 2024/25 வருடக் கணக்கை அப்படியே எழுதுகிறேன். வருடம் என்று நான் சொல்வது ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை, வரிக்கு அதுதான் வருடம். அந்த 12 மாதத்தில் நான் விற்றது 51,20,000 ரூபாவுக்கு. இந்த எண்ணை முதல் தடவை கூட்டிப் பார்த்தபோது நெஞ்சு அடித்தது. அப்போது தனிநபர் விடுதொகை, அதாவது ஒருவருக்கு வரி இல்லாமல் விடுகிற வருமானம், 12 இலட்சம், நான் ஐம்பது இலட்சத்தைத் தாண்டிவிட்டேனே என்று இரவு தூக்கமே இல்லை. பிறகு உட்கார்ந்து கழித்தேன். விற்ற சேலைகளை நான் வாங்கின விலை மட்டும் 32 இலட்சம். கூரியருக்கு 3,15,000. பெட்டி, பொலித்தீன், பேஸ்புக் விளம்பரம், டேட்டா எல்லாம் சேர்த்து 1,90,000. ஃபோல்ஸ் அடிக்கக் கொடுத்தது 75,000. மிச்சம் 13,40,000. அதில் 12 இலட்சத்தைக் கழித்தால் 1,40,000. அதற்கு 6 வீதம், 8,400 ரூபா. ஒரு வருடத்துக்கு அவ்வளவுதான். ஒரு நல்ல பட்டுச்சேலையின் விலைகூட இல்லை, அதற்காக நான் இரண்டு வருடம் பயந்திருக்கிறேன்.

2025 ஏப்ரல் 1 முதல் அந்த விடுதொகை 18 இலட்சமாகக் கூடிவிட்டது. அதே இலாபம் இந்த வருடமும் வந்தால் எனக்கு வரியே வராது. 18 இலட்சத்துக்கு மேல் போகிறவர்களுக்கு, மேலே போன தொகையில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்து ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, அதற்கு மேல் போகிற எல்லாவற்றுக்கும் 36.

ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே பின்னேரத்தில் விற்கிறவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 18 இலட்சம் என்பது சம்பளத்துக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என்று இரண்டு தடவை கிடைப்பதில்லை. மாதம் 1,50,000 சம்பளம் எடுக்கிற ஒருவருக்கு அந்தச் சம்பளமே விடுதொகை முழுவதையும் எடுத்துவிடும். அதற்கு மேல் சட்டை விற்று வருடத்தில் 6 இலட்சம் இலாபம் வந்தால், அந்த 6 இலட்சத்தின் முதல் ரூபாவிலிருந்தே வரி, மொத்தம் 36,000. சம்பளத்தில் கந்தோர் வெட்டுகிறதுதானே, என் வரி முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, கந்தோருக்கு உங்கள் வியாபாரம் தெரியாது. எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஆசிரியர்கள், தாதிமார், வங்கியில் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொன்னபோது பலர் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். மேலே 32 இலட்சம் என்று எழுதினேனே, அது அந்த வருடம் நான் புறக்கோட்டை மொத்தக் கடைகளில் கொடுத்த காசு இல்லை. கொடுத்தது 33,60,000. முதலில் நான் அதைத்தான் அப்படியே கழித்திருந்தேன். எனக்குக் கணக்குப் பார்த்துத் தந்த அண்ணா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மார்ச் 31 அன்று அலுமாரியில் எத்தனை சேலை இருந்தது?" எனக்குத் தெரியவில்லை. விற்காமல் கையில் இருக்கிற சரக்கு செலவு ஆகாது, அது இன்னும் உங்கள் உடைமை. வருடத் தொடக்கத்தில் இருந்த இருப்பு, அதோடு அந்த வருடம் வாங்கினது, அதிலிருந்து வருடக் கடைசியில் மிச்சம் இருந்த இருப்பைக் கழித்தால் வருவதுதான் விற்ற சரக்கின் விலை. எனக்கு 4,10,000 கூட்டல் 33,60,000 கழித்தல் 5,70,000. நான் எண்ணி வைக்காததால் பழைய பில், வட்ஸ்அப்பில் போட்ட படங்கள், எந்தச் சேலை எந்தத் தேதியில் போனது என்கிற குறிப்பு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் தேட மூன்று வாரம் போனது. அன்று இரவு ஒரு மணித்தியாலம் எண்ணியிருந்தால் முடிந்திருக்கும். இனி வருகிற மார்ச் 31 இரவு எண்ணுங்கள். விற்கிற விலையில் எழுதாதீர்கள், வாங்கின விலையில் எழுதுங்கள். கறை பட்டது, நூல் இழுத்தது, இனி விலை போகாது என்று தெரிந்ததைத் தனியாக எடுத்து வைத்து அதையும் குறியுங்கள்.

பில் விஷயத்தில் இன்னொன்று. இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கெய்சர் வீதியிலும் மொத்தமாக வாங்குகிறபோது அவசரத்தில் துண்டுக் காகிதத்தில் கூட்டிக் காட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொள்கிற கடைகள் உண்டு. தேதியும் கடைப் பெயரும் உள்ள பில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். நான் வாங்கின உடனேயே போனில் படமும் எடுத்துவிடுவேன், ஏனென்றால் அந்த மெல்லிய காகித பில்களில் எழுத்து சில மாதத்தில் மறைந்துபோகும். சட்டப்படி கணக்கு ஆவணங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும்.

கூரியர் கணக்குதான் எனக்கு மிகவும் கஷ்டம் தந்தது. 4,500 ரூபாச் சேலை, அனுப்பும் செலவு 400, வீட்டுக்கு வருகிற பையனிடம் வாடிக்கையாளர் 4,900 கொடுப்பார். எனக்கு வங்கியில் வருவது அந்தக் கிழமையின் இருபது பார்சலும் சேர்ந்த ஒரு தொகை, கூரியர் கூலி கழித்தது, திரும்பி வந்த பார்சலுக்கான கூலியும் கழித்தது. வந்து விழுந்த தொகையையே விற்பனை என்று எழுதினால் விற்பனையும் பிழை, செலவும் பிழை. 4,900ஐ வரவில் எழுதி, 400ஐச் செலவில் எழுத வேண்டும். திரும்பி வந்த சேலைக்கு வரவு இல்லை, ஆனால் கூலி செலவுதான், அதோடு அந்தச் சேலை மறுபடியும் இருப்பில் சேர வேண்டும். நான் பார்சல் கொடுத்துவந்த ஒரு கூரியர் நிறுவனம் பார்சல் வாரியான விபரம் தரவே இல்லை, ஐந்து மாதம் கேட்டுக் கேட்டு அலுத்து வேறொன்றுக்கு மாறினேன். விபரப் பட்டியல் தருவார்களா என்பதை முதல் பார்சல் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்து வங்கிக் கணக்கு. எங்கள் வீடுகளில் ஒரே சேமிப்புக் கணக்கில்தான் எல்லாம் வந்து விழும். சேலைக் காசு, சீட்டுக் காசு, அம்மாவின் மருந்துக்கு லண்டனில் இருந்து அக்கா அனுப்புகிறது, பக்கத்து வீட்டுக்காரர் கைமாற்றாக வாங்கித் திருப்பித் தந்தது. இதில் வியாபார வரவு ஒன்றே ஒன்றுதான். ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒருவர் கேட்டால் எது எது என்று எப்படிச் சொல்வீர்கள்? வங்கியிடமோ வேறு எவரிடமோ தகவல் கேட்கிற அதிகாரம் திணைக்களத்துக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அதோடு வருட வருமானத்தைத் திணைக்களத்துக்குச் சொல்கிற வருமான விபரத் திரட்டு அனுப்பும்போது சொத்து, கடன் விபரமும் கொடுக்க வேண்டும், வங்கியில் இருக்கிறது, நகை, வாகனம் எல்லாம். வியாபாரத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். வீட்டுச் செலவுக்குத் தேவையானதை அதிலிருந்து மாதம் ஒரு தடவை மற்றக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றுகிற காசு செலவு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், வீட்டு அரிசி பருப்பை வியாபாரச் செலவில் கழிக்க முடியாது. மடிக்கணினி வாங்கினாலும் அந்த வருடமே முழுதாகக் கழிக்க முடியாது, 5 வருடத்துக்குப் பிரித்துத்தான்.

லண்டனில் இருக்கிற அக்கா என்று சொன்னேனே, அவளும் ஒன்லைனில் கைவேலைப் பொருள் விற்கிறாள். அங்கே 2024 முதல் விற்பனைத் தளங்களே விற்கிறவர்களின் விபரத்தை வரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்தில் 30 பொருளோ அதற்கு மேலோ விற்றவர்கள், அல்லது ஏறத்தாழ 1,700 பவுண்டுக்கு மேல் பெற்றவர்கள் அதில் வருவார்கள். அந்த அறிவித்தல் வந்ததும் அவள் எனக்கு அழுதுகொண்டே போன் எடுத்தாள். புதிதாக எந்த வரியும் போடவில்லை, தகவல் கொடுக்கிற முறை மட்டும்தான் புதிது, வியாபார வரவு வருடத்துக்கு 1,000 பவுண்டு வரை இருந்தால் அங்கே விலக்கு இருக்கிறது, வீட்டில் பாவித்த பழைய உடுப்பை விற்பது வியாபாரமே ஆகாது. இதையெல்லாம் இருவருமாக வாசித்துப் பார்த்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். அங்கே தளம் சொல்லிவிடும். இங்கே சுயமதிப்பீடு, நாங்களே கணக்கிட்டு நாங்களே சொல்ல வேண்டும். எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை, ஆனால் சொல்லித்தர ஒருவர் வேண்டும், அதிலும் தமிழில் சொல்லித்தர.

தேதிகளையும் சொல்லிவிடுகிறேன். வரி வரும் என்று தெரிந்தால் அந்த வருடத்துக்கு ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும், குறைகிறதை செப்டெம்பர் 30க்குள். விபரத் திரட்டுக்கு நவம்பர் 30. இந்தக் கடைசித் தேதியை விளையாட்டாக எடுக்க வேண்டாம். பிந்தினால் தண்டம் 50,000 ரூபாவில் தொடங்கி, ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 கூடி, 4 இலட்சம் வரை போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு வந்த வரி 8,400. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் வரிக் கோப்பு திறந்த பிறகு திணைக்களம் திரட்டுக் கேட்டால், வரி பூச்சியமாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

வற் என்கிற பெறுமதி சேர் வரியைப் பற்றி எங்கள் அளவில் இருக்கிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வருடத்துக்கு 6 கோடி விற்பனை என்பது 2024 முதல் இருந்த எல்லை, அதை 3 கோடியே 60 இலட்சமாகக் குறைக்க 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார்கள். அந்த எல்லைக்கு வருகிறவர்கள் கட்டாயம் ஒரு கணக்காளரை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சந்தேகம் வந்தால் திணைக்களத்தின் 1944க்கு எடுத்துக் கேளுங்கள்.

தங்கச்சிக்கு அன்றே டின்னுக்கு விண்ணப்பித்தோம், என் மேசையில் வைத்து, அவளுடைய போனிலேயே. சின்னவன் மடியில் இருந்ததால் அடையாள அட்டையை நான்தான் படம் எடுத்தேன். பிறகு இருவருமாகக் கீழே கடையில் 200 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, கடைசிப் பத்துப் பக்கம் இருப்பு என்று கோடு போட்டோம். மார்ச் 31 இரவு பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறாள். அவளிடம் முந்நூறுக்கு மேல் உடுப்பு இருக்கும், அளவு அளவாகக் கலந்து கிடக்கிறது, பாதிக்கு வாங்கின விலை நினைவில்லை என்கிறாள். நேரத்தோடு தொடங்க வேண்டும்.