பன்னிரண்டு வருட ஆங்கிலக் கணக்கு: மட்சுயேவுக்கு ஆசிரியராக வந்த அனுபவம்

ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் முதலில் கேட்டது "டோக்கியோவா?" என்றுதான். இல்லை, மட்சுயே. ஷிமானே மாநிலத்தின் தலைநகரம், ஜப்பான் கடல் பக்கம், சுமார் 2 லட்சம் பேர் இருக்கும் ஊர். புல்லட் ரயில் இங்கே வராது. ஓக்கயாமாவில் இறங்கி, மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வரும் ரயிலில் இன்னும் இரண்டரை மணி நேரம் போக வேண்டும். 2024 மார்ச் கடைசியில் வந்தேன், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். என்னைப் போலப் பள்ளிப் படிப்பில் பாதியைத் தமிழ் வழியில் படித்துவிட்டு, "நமக்கெல்லாம் இது கிடைக்குமா" என்று தயங்குபவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால் நடந்ததை முடிந்தவரை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பள்ளிகளில் வேலை செய்ய 'கற்பித்தல்' என்ற வகையில் விசா வாங்க வேண்டும். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கப் போகிறோமோ அந்த மொழியின் வழியாக நாம் குறைந்தது 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர் பள்ளியை முடித்தாலே அது நிறைந்துவிடும். நம் ஊரில் எல்கேஜி முதல் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் பிரச்சினை இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ் வழி, ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழி. பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனங்களிடம் பேசினேன். முதலில் பேசிய நிறுவனம் தாய்மொழி ஆங்கிலமாக இருப்பவர்கள் மட்டும்தான் வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இரண்டாவதாகப் பேசிய நிறுவனத்தில் ஒரு பெண்மணி பொறுமையாக உட்கார்ந்து என்னோடு சேர்ந்து எண்ணினார்: ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு, பி.ஏ. மூன்று, எம்.ஏ. இரண்டு. மொத்தம் சரியாகப் பன்னிரண்டு! அந்த எம்.ஏ.வைப் படித்து என்ன பயன் என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாள் இல்லை. அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது.

எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு வருடத்துக்கும் தாள் வேண்டும். இங்கேதான் எனக்கு இரண்டு மாதம் போனது. பள்ளியில் முதலில் கொடுத்த சான்றிதழில் "இப்பள்ளியில் பயின்றார்" என்று இருந்ததே தவிர எந்த மொழி வழியில் என்ற வரியே இல்லை. ஜப்பானிலிருந்து அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனபோது தேர்வு நேரம், எழுத்தர் லீவு, பழைய பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தலைமையாசிரியரே தூசி தட்டி எடுத்து, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, பயிற்று மொழி ஆங்கிலம் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொல்லி, முத்திரை வைத்துக் கொடுத்தார். நீங்கள் இதை முயற்சி செய்வதாக இருந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்தத் தாளை வாங்கி வைத்துவிடுங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

வெளிநாட்டினரை உதவி ஆசிரியர்களாக அழைத்து வரும் ஜெட் என்று ஒரு திட்டம் இருக்கிறது, 1987இல் தொடங்கியது, அரசே நடத்துவது, சம்பளமும் நல்ல சம்பளம். இந்தியாவிலிருந்து எடுப்பது மிகச் சிலரைத்தான். நான் வந்தது அந்த இரண்டாவது தனியார் நிறுவனம் வழியாக. இணையவழி நேர்காணல், பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டுவது, அப்புறம் நீண்ட காத்திருப்பு. தகுதிச் சான்றிதழ் என்று ஒன்றை ஜப்பானின் குடிநுழைவுத் துறை கொடுக்க வேண்டும், அதற்கு நிறுவனம்தான் அங்கே விண்ணப்பிக்கும். நவம்பரில் கொடுத்தது பிப்ரவரியில் மின்னஞ்சலில் வந்தது. அது மூன்று மாதம்தான் செல்லும், அதற்குள் விசா வாங்கி ஜப்பானில் கால் வைத்துவிட வேண்டும். சென்னையில் விசா வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. மொத்த வேலையிலும் சுலபமாக நடந்தது அது ஒன்றுதான்.

கான்சாய் விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டை கொடுத்துவிட்டார்கள். வீடு கிடைத்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேதான் பெயர்ப் பிரச்சினை ஆரம்பித்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. ஜப்பானில் எந்தப் படிவமாக இருந்தாலும் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். நகராட்சியில் இருந்தவர் நான்கு முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, நம் ஊரில் பெயர் எப்படி வைப்போம், இனிஷியல் என்றால் என்ன என்றெல்லாம் விசாரித்து ஒரு வழி செய்துவிட்டார். வங்கியிலும் தொலைபேசிக் கடையிலும் அந்தப் பொறுமை இல்லை. வங்கிக் கணக்குக்குத் தொலைபேசி எண் வேண்டும், தொலைபேசிக்கு வங்கிக் கணக்கு வேண்டும், இரண்டு இடத்திலும் பெயர் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. போதாததற்கு என் பெயரில் ழ, ல இரண்டும் உண்டு. வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கடகானா எழுத்தில் இரண்டும் ஒரே 'ரு'தான். முதல் நாளே அட்டையில் உள்ளதைப் பார்த்துக் கடகானாவில் ஒரே மாதிரி எழுதி, ஒரு தாளில் வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதைப் பார்த்து மட்டுமே எழுதியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்கு வாடகை 42,000 யென்தான். ஆனால் முன்பணம், வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கேட்க முடியாத ஒரு 'நன்றிப் பணம்', ஜாமீன் நிற்கும் நிறுவனத்துக்குக் கட்டணம், தரகர் கூலி எல்லாம் சேர்ந்து நான்கரை மாத வாடகை அளவுக்கு முதல் நாளே போனது. ஏப்ரல் மாத வேலைக்குச் சம்பளம் மே கடைசியில்தான் வரும். அதுவரை கைக்காசுதான், அதை எண்ணி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இன்னொன்று, எரிவாயு இணைப்பைத் திறக்க ஆள் வரும்போது நாம் வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே போன் செய்து நாள் குறிக்க வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. மார்ச் மாதக் குளிரில் மூன்று நாள் பச்சைத் தண்ணீர்க் குளியல்.

குளிரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு: மதியச் சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே. நவம்பர் பிறந்தால் வானம் சாம்பல் நிறமாகி, மழையும் ஆலங்கட்டியும் பனியும் ஒரே நாளில் மாறி மாறி வரும். வீடு முழுக்கச் சூடாக்கும் வசதி கிடையாது, மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து ஓர் அறையைச் சூடாக்கி அதிலேயே அடைந்துகிடக்க வேண்டும். 1890இல் இதே ஊருக்கு ஆங்கில ஆசிரியராக வந்த எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் என்பவரை இங்கே எல்லோருக்கும் தெரியும், கோட்டை அகழி ஓரத்தில் அவர் குடியிருந்த வீட்டை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர் பதினைந்து மாதத்தில் தெற்கே குமமோட்டோவுக்குப் போய்விட்டார், இந்த ஊர்க் குளிரும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். முதல் ஜனவரியில் அந்த வீட்டைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

பள்ளி ஏப்ரலில் தொடங்குகிறது. எனக்கு மூன்று தொடக்கப் பள்ளிகள், ஒரு நடுநிலைப் பள்ளி. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் மதிப்பெண் உள்ள பாடம், மூன்றாம் நான்காம் வகுப்புக்கு விளையாட்டும் பாட்டுமாக வாரம் ஒரு வகுப்பு. வகுப்பு ஆசிரியர் எப்போதும் கூடவே இருப்பார். முதல் வாரம் முழுக்க அறிமுகம். யானை வளர்க்கிறீர்களா, தினமும் கறிச்சோறா என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தேன், கேட்டார்கள். எதிர்பார்க்காதது, நான்கு பள்ளியிலும் யாராவது ஒருவர் எழுந்து "17 பெருக்கல் 18?" என்று கேட்டது. இந்தியர்கள் எல்லோரும் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்திருப்பார்கள் என்று இங்கே ஒரு நம்பிக்கை. 306 என்று சொன்னதும் வந்த கைதட்டலை மறக்க மாட்டேன்.

மதியச் சாப்பாடு குழந்தைகளோடு வகுப்பிலேயே. எனக்கு மாடும் பன்றியும் ஆகாது. பள்ளியின் சத்துணவு ஆசிரியை மாதப் பட்டியலில் எந்தெந்த நாள் எது வருகிறது என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார், அந்த நாளில் டிபன் டப்பா. ஷின்ஜி ஏரியின் சின்ன மட்டி போட்ட மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப் வந்தால் இரண்டு கிண்ணம் குடிப்பேன், தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மட்டி ருசியைச் சொல்லித்தர வேண்டாம்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். மே மாதம் ஐந்தாம் வகுப்பில் சொற்களைப் படிக்கச் சொன்னேன். குழந்தைகள் படித்தார்கள்: "புக்கு", "கப்பு", "பஸ்ஸு". எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்குள் புதிதாக நுழைந்த நான் இதே சொற்களை இதே மாதிரி சொல்லி, வகுப்பே சிரிக்க, டீச்சர் எழுந்து நிற்க வைத்தார். சொல்லின் முடிவில் ஓர் உகரம் இல்லாமல் நமக்கு நாக்கு நிற்காது, அவர்களுக்கும் நிற்காது. அன்று கரும்பலகையில் 'புக்கு' என்று தமிழில் எழுதி, என் ஊரிலும் இப்படித்தான் சொல்வோம், நானும் இப்படித்தான் தொடங்கினேன் என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வாயே திறக்காமல் இருந்த பிள்ளைகள்கூடப் பேச ஆரம்பித்தார்கள். நாம் குற்றியலுகரம் என்று படித்தோமே, அதுபோல அவர்களும் 'தேசு' என்ற சொல்லின் கடைசி உகரத்தைப் பேச்சில் விழுங்கி 'தேஸ்' என்றே சொல்கிறார்கள். "அங்கே விழுங்குவதுபோல இங்கேயும் விழுங்கு" என்றேன். 'புக்' வந்துவிட்டது! பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசியவருக்கு இது தோன்றியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேர்காணலில் மறைத்து மறைத்துப் பேசிய அந்த ஐந்து தமிழ் வழி வருடங்களைத்தான் இன்று வகுப்பில் அதிகம் பயன்படுத்துகிறேன்.

பண விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முதல் வருடம் குடியிருப்பு வரி வராது. முந்தைய ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு அடுத்த ஜூனில் தொடங்குவார்கள், எனக்கு 2025 ஜூனில் வந்தது. எதிர்பார்க்காமல் இருந்தால் பெரிய அடி. ஒப்பந்தமும் வருடா வருடம் மார்ச்சில் புதுப்பிப்பதுதான், அந்த நிச்சயமின்மை எனக்கு இன்னும் பழகவில்லை.

இந்த முறை புதுப்பித்தபோது விசா நீட்டிப்புக்காகப் பழைய கோப்பை எடுத்தேன். பள்ளிச் சான்றிதழின் பிரதி மேலேயே இருந்தது. அதை ஒரு படம் எடுத்துத் தலைமையாசிரியருக்கு அனுப்பினேன், கூடவே 'புக்கு' எழுதிய கரும்பலகையின் படத்தையும். பத்து நிமிடத்தில் போன் செய்துவிட்டார்.